ஒற்றைச் சத்தம்

புதுத் தொலைநோக்கி வந்திருக்கிறது என்றால் ஆளுயரக் குழாய் ஒன்றைத்தான் யாரும் நினைப்பார்கள். அப்துல் ஹக்கீமுக்கு வந்த பார்சலில் இருந்தது ஒரு சாண்கூடத் தேறாது. கடை மேசையில் வைத்து அவர் அதைப் பிரிக்கும்போது மனைவி பர்ஹத் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா மூணு மாசமாத் தவங்கிடந்தீக" என்று கேட்டாள்.

விருதுநகர் பஜாரில் ஹக்கீமுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பகலெல்லாம் ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பார்ப்பார். அமாவாசையை ஒட்டிய ராத்திரிகளில் வானத்தைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவார். அதைப் பைத்தியம் என்று பர்ஹத் சொல்வாள். சொன்னதில் பெரிய தப்பும் இல்லை. நாற்பத்தாறு வயது மனுஷன், காலையில் கடை திறக்க வேண்டியவன், கண் விழித்துக் கரிசல் காட்டில் கொசுக்கடி வாங்குவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது.

அந்தக் குட்டிக் குழாய்க்கு ஒரே வேலைதான். மங்கலான வான்பொருளைப் படமெடுக்க கேமராவை மூன்று நிமிஷமாவது திறந்து வைக்க வேண்டும். அதற்குள் பூமி சுற்றிவிடும், நட்சத்திரம் கோடாக இழுபடும். அது இழுபடாமல் இருக்கத் தொலைநோக்கியை ஒரு மோட்டார் நகர்த்திக்கொண்டே போகும். ஹக்கீமின் மோட்டார் பழசு, அவ்வப்போது தடுமாறும். இந்தக் குட்டிக் குழாய் பெரியதின் முதுகில் உட்கார்ந்து, ஒரே ஒரு நட்சத்திரத்தை இரண்டு விநாடிக்கு ஒருதரம் பார்க்கும். அது இம்மி விலகினாலும் லேப்டாப் வழியாக மோட்டாருக்குச் சொல்லித் திருத்தும். எத்தனை மணிக்கு எவ்வளவு விலகியது என்று ஒரு கோப்பில் எழுதியும் வைக்கும். மற்றபடி பக்கத்தில் இடியே விழுந்தாலும் அதற்குக் கவலையில்லை.

படமெடுக்க அவர் போகும் இடம் எம். புதுப்பட்டியைத் தாண்டி ஒரு சிற்றூரின் வெளியே இருந்தது. அங்கே ஊர்க்காவலனுக்கு முக்கால் ஏக்கர் கரிசல் உண்டு. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் ஒன்றுமில்லை. ஊர்க்காவலனுக்குப் பிழைப்பு பட்டாசுக் கம்பெனியில்தான். வானத்தில் போய்ச் சிவப்பும் மஞ்சளுமாக விரிகிற வெடிக்கு மணி மருந்து உருட்டுவார். நாலு வருஷத்துக்கு முன்னால் வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்தவர், சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார்.

"இது எந்தக் கம்பெனி ஃபேன்சி பாய்?"

வெடி இல்லை, வானத்தில் இருக்கிற வாயு மேகம் என்று ஹக்கீம் சொன்னதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். "மேகம் சரி. நட்சத்திரமெல்லாம் ஏன் அரிசி கணக்கா நீண்டு கெடக்கு?"

ஹக்கீமின் நோவு அதுதான். பழைய மோட்டாரின் கோளாறை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்ட அந்த ஆளை அவருக்குப் பிடித்துப்போயிற்று. டவுன் வெளிச்சத்தில் படம் சரியாக விழவில்லை என்றதும் ஊர்க்காவலன் தன் காட்டுக்குக் கூப்பிட்டார். அன்று தொடங்கிய சிநேகம். மாதம் இரண்டு ராத்திரி, ஒரு ஃபிளாஸ்க் டீ, வள்ளித்தாய் கொடுத்தனுப்பும் சீனிச்சேவு. வள்ளித்தாய் ஊர்க்காவலனின் மனைவி. கல்லூரிக்குப் போகிற பானுப்பிரியா அவர்களுக்கு ஒரே மகள்.

காட்டுக்குப் போன முதல் ராத்திரியே எங்கோ டமாரென்று ஒரு சத்தம் கேட்டு ஹக்கீம் எழுந்து ஓடப் பார்த்தார். ஊர்க்காவலன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"உக்காருங்க பாய். ஒத்தச் சத்தம் கேட்டா அது சாம்பிள். வெளியூர் யாவாரிக்குப் போட்டுக் காட்டுவாக. நெசமாவே தீப்புடிச்சா ஒண்ணோட நிக்காது, படபடன்னு பத்து நிமிசத்துக்குக் கேக்கும். அப்பத்தான் ஓடணும். ஒத்தச் சத்தத்துக்கெல்லாம் ஓடுனா நாங்க சோறு திங்க முடியாது."

அந்தப் பக்கத்துச் சனம் முழுக்க அப்படித்தான். தீபாவளி சீசனில் சாயந்தரம் தொடங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தொட்டில் பிள்ளைகூடச் சிணுங்காது. நாலு வருஷத்தில் ஹக்கீமுக்கும் அந்தக் காது வந்துவிட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

புரட்டாசி அமாவாசைக்கு முந்தின நாள் குட்டிக் குழாயைச் சோதித்துப் பார்ப்பதென்று முடிவாயிற்று. சாயந்தரம் ஊர்க்காவலனே போனில் கூப்பிட்டார். "சாப்பிட்டுட்டு ஒம்போதரைக்கு வாரேன் பாய். அது என்ன வித்தை காட்டுதுன்னு பாக்கணும்."

ஹக்கீம் எட்டு மணிக்கே போய் முக்காலியை நிறுத்திவிட்டார். இருட்டுக்குப் பழகிய கண் கெடாமல் இருக்க, வழக்கமான சின்னச் சிவப்பு விளக்கை முக்காலியின் காலில் தொங்கவிட்டார். லேப்டாப் வெளிச்சம் வெளியே போகாதபடி தலையோடு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். வடகிழக்கில் எழும்பிக்கொண்டிருந்த ஆண்ட்ரோமிடா மண்டலத்துக்குக் குறிவைத்து, ஒன்பது இருபதுக்கு முதல் படத்தைத் தொடங்கினார். மூன்று நிமிஷப் படங்கள் நாற்பது.

திரையில் சிவப்பும் நீலமுமாக இரண்டு கோடுகள் ஓடின. வழிகாட்டும் நட்சத்திரம் எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் கோடுகள் அவை. மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தவை நாலைந்து நிமிஷத்தில் அடங்கி, உழுது பரம்படித்த நிலமாகச் சமனாயின. ஹக்கீம் தனியே உட்கார்ந்து சிரித்துக்கொண்டார். ஒன்பதரை ஆகியும் ஊர்க்காவலனைக் காணோம். கம்பெனி வேலை முடிந்து அலுத்துத் தூங்கியிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்.

எட்டாவது படம் ஓடிக்கொண்டிருந்தபோது தரை ஒரு தரம் நடுங்கியது. கூடவே சத்தம். ஒற்றைச் சத்தம். இரண்டு கோடுகளும் திரையை விட்டே வெளியே குதித்தன. "சே" என்றார் ஹக்கீம். துணிக்குள்ளிருந்து தலையை நீட்டிக் கிழக்கே பார்த்தார். முந்நூறு தப்படி தள்ளி ஒரு பாழடைந்த பம்புசெட் அறையும் சீமைக்கருவேலம் புதரும் உண்டு. அங்கே இருட்டுத்தான் தெரிந்தது. அடுத்த சத்தம் வருகிறதா என்று காது கொடுத்தார். வரவில்லை. சீசன் நேரத்தில் சாம்பிள் போட வேறு இடமா கிடைக்கவில்லை என்று முனகிவிட்டு, நட்சத்திரத்தைப் புதிதாகத் தேர்ந்து பொத்தானை அழுத்தினார். கோடுகள் மறுபடி அடங்கின.

அப்புறம் கொஞ்ச நேரம் நட்சத்திரம் மங்கித் தெரிந்தது. மெல்லிய மேகம் என்று விட்டுவிட்டார். மருந்து வாடை வந்தது. அந்த வட்டாரத்தில் மருந்து வாடை வராவிட்டால்தான் ஆச்சரியப்பட வேண்டும். பதினோராவது படத்தின்போது புதருக்குள்ளிருந்து ஒரு லோடு வண்டி விளக்கைப் பளீரென்று எரியவிட்டுக்கொண்டு வண்டிப்பாதையில் வந்தது. ஹக்கீம் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துத் தொலைநோக்கியை மறைத்தார். வண்டி நிற்கவில்லை. படம் வெள்ளையாகிப் போனது. கண் தெரியாத பயல்கள் என்று அவர் வாய்விட்டே திட்டினார்.

இருபதாவது படம் முடிந்ததும் பாதி ஆயிற்று என்று நோட்டில் மணியைக் குறித்துக்கொண்டார். எழுதிக்கொண்டிருக்கும்போது கிழக்கே ஒரு மயில் இரண்டு முறை அகவி ஓய்ந்தது. பதினொன்று இருபத்தாறுக்கு நாற்பதாவது படமும் முடிந்தது. எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு அவர் வீடு வந்து சேர மணி பன்னிரண்டரை.

தூக்கம் வரவில்லை. கெட்டுப்போன இரண்டை நீக்கிவிட்டு மிச்சப் படங்களை ஒன்றாகச் சேர்த்தார். விடியும் நேரத்தில் திரையில் வந்து நின்ற படத்தைப் போல அவர் வாழ்நாளில் எடுத்ததில்லை. ஒரு நட்சத்திரம்கூட நீளவில்லை. எல்லாம் மிளகு மிளகாக உருண்டையாக இருந்தன. "இப்ப அரிசி எங்க இருக்கு, சொல்லும் பாப்போம்" என்று எழுதி ஊர்க்காவலனின் போனுக்கு அனுப்பிவைத்தார். செய்தி போய்ச் சேர்ந்ததற்கான அடையாளம் வரவே இல்லை.

ஏழு மணிக்கு அந்த ஊரிலிருந்து போன் வந்தது. ஊர்க்காவலன் செத்துக் கிடக்கிறார் என்றார்கள்.

ஹக்கீம் போனபோது போலீஸ் வந்திருந்தது. பம்புசெட் அறையின் தகரக்கூரை மடங்கித் தரையில் கிடந்தது. உள்ளே மணி மருந்து உருட்டும் தட்டுகள் கருகியிருந்தன. பாழடைந்த அறை என்று நாலு வருஷமாக அவர் நினைத்துக்கொண்டிருந்த இடத்தில் ராத்திரி வேலை நடந்திருக்கிறது. பகலில் சோதனைக்கு ஆள் வருகிறார்கள் என்று பட்டாசுக் கம்பெனியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் சங்கரபாண்டியன் சீசன் ஆர்டரை ராத்திரியில் முடித்துக்கொண்டிருந்தார். ஊருக்கே தெரிந்த அந்த விஷயம் ஹக்கீமுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

உடல் அறையில் இல்லை. அங்கிருந்து நூறு தப்படி மேற்கே, வரப்பின் மேல் குப்புறக் கிடந்தது. யாரோ சாக்கால் மூடியிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் நேற்று அவர் முக்காலி ஊன்றிய இடம் தெரிந்தது. அங்கிருந்த ஒற்றை வேப்பங்கன்று தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் அவரைக் கண்டதும் எழுந்தாள்.

"பாய், உங்ககூட இருப்பேன், வர நேரமாவும்னுதான சொல்லிட்டு வந்தாக. உங்ககிட்ட வந்தாகளா?"

ராத்திரி வேலைக்குப் போவது பெண்டாட்டிக்குத் தெரிந்தால் விடமாட்டாள் என்று மனுஷன் சிநேகிதனைச் சாக்குச் சொல்லியிருக்கிறார். கூட்டம் முழுக்க ஹக்கீமைப் பார்த்தது. வெள்ளைச்சட்டையில் ஓரமாக நின்ற சங்கரபாண்டியனும் பார்த்தார்.

"வரலை தாயி" என்றார் ஹக்கீம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "நானும் ஒம்போது மணிக்கெல்லாம் கெளம்பிட்டேன்." போலீஸ் கேட்டபோதும் அதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பின்னால் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தார். போலீசுக்குப் பயந்து வந்ததில்லை. அந்த வரப்புக்கும் தன் முக்காலிக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்துவிட்ட வெட்கத்தில் வந்தது.

"வெடிச்சது விடியக்காலம் அஞ்சு மணிக்கு இருக்கும்" என்று சங்கரபாண்டியன் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "சொன்னாக் கேக்காம, தனியாத் திருட்டுத்தனமா வந்து உருட்டியிருக்காரு. நம்ம கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. ஒரே நொடிதான் தாயி. என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே போயிருப்பாரு."

"அப்ப ஏன் மேக்க வந்து கெடக்காக? ஊரு வடக்க இருக்கு. ரோடு வடக்க இருக்கு. மேக்க என்ன இருக்கு?" என்று வள்ளித்தாய் கேட்டாள். வெடிச்ச வேகத்துல தூக்கி எறிஞ்சிருக்கும் என்றார் சங்கரபாண்டியன். ஊர் வாயைத் திறக்கவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவரிடம்தான் வேலை. முந்தின ராத்திரி எத்தனை சத்தம் கேட்டது, எது எப்போது கேட்டது என்று யாரும் எண்ணிவைத்திருக்கவும் இல்லை.

எட்டு நாள் ஹக்கீம் லேப்டாப்பைத் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் கடையில் ஆள் இல்லாத மத்தியானத்தில் குட்டிக் குழாய் எழுதிவைத்த கோப்பைத் திறந்தார். வரி வரியாக மணி, நிமிஷம், விநாடி. ஒன்பது நாற்பத்து மூன்று, பதினாறாவது விநாடியில் நட்சத்திரம் குதித்திருந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அதன் வெளிச்சம் பாதியாகக் குறைந்திருந்தது. மேகம் என்று அவர் நினைத்தது புகை. பதினோராவது படம் வெளுத்தது ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு. வெடித்து ஒன்பது நிமிஷத்தில் வண்டி கிளம்பிப் போயிருக்கிறது.

அதற்குப் பிறகு பதினொன்று இருபத்தாறு வரை வரிகள் அமைதியாகப் போயின. நட்சத்திரம் அசையவே இல்லை. அவ்வளவு சுத்தமான பதிவை அவர் ஒருநாளும் கண்டதில்லை. ஹக்கீமுக்கு அழுகை வந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதார்.

இரண்டு நாள் கழித்து சங்கரபாண்டியன் கடைக்கு வந்தார். கண் பரிசோதனை செய்துகொண்டார். ஒரு குறையும் இல்லை. போகிற வாக்கில் பேச்சைத் தொடங்கினார்.

"அன்னைக்கு நீங்க ஒம்போது மணிக்கே கெளம்பிட்டதாச் சொன்னீகல்ல. எங்க டிரைவர் பய என்னமோ சிவப்பு லைட்டுங்கான், கைய விரிச்சிக்கிட்டு ஒரு ஆளுங்கான். குடிகாரப் பய. நீங்க சொன்னதுதான் சரி பாய், அது அப்பிடியே இருக்கட்டும். அப்புறம், நம்ம ஆளுக எரநூறு பேருக்குக் கண் கேம்ப் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். கண்ணாடியெல்லாம் உங்க கடையிலதான்."

யோசித்துச் சொல்வதாக ஹக்கீம் சொன்னார். அதைச் சொல்ல வைத்த தன் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது. தான் வெட்கத்தில் சொன்ன பொய்யை இந்த ஆள் தனக்குக் கூரையாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்கு முழுசாக உறைத்தது.

உள்ளே ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த பர்ஹத் வெளியே வந்தாள். "அன்னைக்கு ராத்திரி உங்களுக்குக் கதவத் தொறந்துவிட்டது நான்தான்" என்றாள். "மணி பன்னெண்டரை." திரும்பிப் போய்த் துடைக்க உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை சூலக்கரையில், கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் நடந்தது. கம்பெனி வேலையில் செத்தாரா, தன்னிச்சையாகத் திருட்டு வேலை செய்து செத்தாரா என்பதுதான் கேள்வி. முதலாவது என்றால் வள்ளித்தாய்க்கு நஷ்டஈடு உண்டு, பானுப்பிரியாவின் படிப்பு நிற்காது. இரண்டாவது என்றால் செத்த மனுஷன் மேல் வழக்கு மட்டும் மிஞ்சும். ஹக்கீமை யாரும் கூப்பிடவில்லை. கோப்பை அச்செடுத்து, அன்றைய நோட்டோடு ஒரு பையில் போட்டுக்கொண்டு அவராகத்தான் போனார்.

வராந்தா பெஞ்சில் தாயும் மகளும் இருந்தார்கள். வள்ளித்தாய் அவரைக் கண்டதும் எழுந்து, "நீங்களாவது வந்தீகளே பாய்" என்று கும்பிட்டாள். ஊரிலிருந்து ஒரு குஞ்சும் வரவில்லை. அங்கேயே சொல்லிவிடலாம் என்று ஹக்கீம் வாயெடுத்தார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

விசாரணை அதிகாரி ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண். சங்கரபாண்டியன் தரப்பு சொல்லி முடித்ததும் ஹக்கீம் எழுந்து காகிதங்களைக் கொடுத்தார். குட்டிக் குழாய் என்ன செய்யும் என்று சொன்னார். நட்சத்திரம் குதித்த வரியைக் காட்டினார், மங்கிய வரிகளைக் காட்டினார். வண்டி வந்ததைச் சொன்னார். சங்கரபாண்டியன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல மணி சரியா இருந்துச்சா?"

"போன்ல இருந்து எடுத்துக்கிற நேரம்மா. விநாடி பிசகாது."

அதிகாரி நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். கடைசித் தாளில் அவருடைய விரல் நின்றது.

"இது பதினொண்ணு இருபத்தாறு வரைக்கும் ஓடியிருக்கே. ஆனா நீங்க ஒன்பது மணிக்கே கிளம்பிட்டதா போலீஸ்ல வாக்குமூலம் இருக்கு."

"அது பொய்ம்மா. நான்தான் பொய் சொன்னேன்."

பின்னால் பெஞ்ச் கிறீச்சிட்டது. ஹக்கீம் திரும்பவில்லை.

"சத்தம் கேட்டதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"நட்சத்திரம் நழுவிருச்சும்மா. மறுபடி புடிச்சு, பொத்தானை அமுக்கினேன்."

"அப்புறம்?"

"படம் எடுத்தேன். மொத்தம் நாப்பது."

அதிகாரி கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். ஹக்கீம் கையெழுத்துப் போட்டார். டிரைவரை அழைத்து விசாரிக்க உத்தரவாயிற்று. சங்கரபாண்டியன் வாசலில் அவரைக் கடந்து போகும்போது முகம் கொடுத்துப் பேசவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு நடந்த நல்லது.

வெளியே வேப்பமரத்தடியில் வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். பானுப்பிரியா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டியதை வாங்கவில்லை. ஹக்கீம் நாலு எட்டு தள்ளியே நின்றார்.

"எங்கிட்ட ஒம்போது மணின்னீக."

"ஆமா தாயி."

"அந்தச் சிவப்பு லைட்டு எரிஞ்சுச்சா?"

"எரிஞ்சுச்சு."

"அவுகளுக்கு அது தெரியும். பம்புசெட்டு ரூமு வாசல்ல நின்னா தெரியும்னு சொல்லியிருக்காக." அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அதான் மேக்க வந்திருக்காக. நான் இந்த ஒரு மாசமா அதத்தான் யோசிச்சிட்டுக் கெடக்கேன், மேக்க என்ன இருக்குன்னு."

ஹக்கீம் அங்கேயே தரையில் உட்கார்ந்தார். வைதால் நன்றாக இருக்கும், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தது. அவள் வையவில்லை.

"நானுந்தான் கேட்டேன் அந்தச் சத்தத்த" என்றாள். "ஏனம் கழுவிக்கிட்டிருந்தேன். இவதான் என்னம்மா அதுன்னா. சாம்பிளுடி, சோத்தத் தின்னுன்னேன். ஒத்தச் சத்தந்தான. அவுகதான் அப்பிடிச் சொல்லுவாக." பானுப்பிரியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மனுக்களைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பிறகு வள்ளித்தாய் நிமிர்ந்து முதல்முறையாக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"கூப்புட்டாகளா பாய்? உங்களுக்கு ஏதும் கேட்டுச்சா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அதிகாரி இதைக் கேட்கவில்லை. குட்டிக் குழாய் நட்சத்திரத்தை மட்டுமே எழுதும், குரலை எழுதாது. ஒரே நொடியில் போய்விட்டார் என்று இவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இவளுக்கு மிஞ்சியிருக்கிற ஆறுதல் அது ஒன்றுதான். அதையும் பிடுங்க வேண்டுமா என்று ஹக்கீம் நினைத்தார். ஒன்பது மணி என்று சொன்னபோதும் இப்படித்தான் ஏதோ ஒரு நியாயம் தோன்றியது என்பதும் நினைவுக்கு வந்தது.

"மயில்னு நெனச்சேன் தாயி" என்றார். "ரெண்டு தரம் கேட்டுச்சு. சத்தியமா மயில்னுதான் நெனச்சேன்."

பானுப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வள்ளித்தாய் அழவில்லை.

"எத்தன மணிக்கு?"

ஹக்கீமுக்கு முதலில் விளங்கவில்லை.

"எல்லாத்துக்கும் மணி சொன்னீகல்ல உள்ள. இது எத்தன மணிக்கு?"

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடிப் பிரித்தார். "பத்து இருபத்து மூணு."

"வண்டி போனது?"

"ஒம்போது அம்பத்திரண்டு."

அவள் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "அப்ப வண்டி போகையில உசுரோடதான் இருந்திருக்காக" என்றாள். "போட்டுட்டுப் போயிருக்கான். ஒரே நொடின்னு எம்முகத்தப் பாத்துச் சொன்னான்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "பானு, எந்திரிடி. வாங்க பாய். இதையும் சொல்லிட்டு வருவோம். அந்தம்மா எழுதிக்கிறட்டும்."

அதைச் சொன்னால் நாளைக்கு விருதுநகர் பஜார் முழுக்க என்ன பேசும் என்று ஹக்கீமுக்குத் தெரியும். சாகிறவன் கூப்பிட்டது மயில் சத்தமாகக் கேட்டதாம் கண்ணாடிக்கடை பாய்க்கு என்று பேசும். கடைக்கு வருகிறவர்கள் கண்ணைக் காட்டும்போதும் அதைத்தான் நினைப்பார்கள். அவர் எழுந்து அவள் பின்னால் நடந்தார்.

அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார், ரெண்டு மணிக்கு மேலே வாருங்கள் என்றார் வாசலில் இருந்த பியூன். மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வள்ளித்தாய் நோட்டைக் கேட்டு வாங்கினாள். அந்தப் பக்கத்தில் இருபது முடிந்தது, பாதி என்று அவர் கையெழுத்தில் இருந்தது. பக்கத்தில் மணி இருந்தது. அவள் அந்த எண்ணின் மேல் ஆள்காட்டி விரலை வைத்தாள். அதிகாரி திரும்பி வந்து பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை விரலை எடுக்கவில்லை.